தித்தி கெராவாங் இறக்கத்தில் நாம் இருவர்

இன்று காலை பாலிக் புலாவ் பக்கம் சைக்கிளில் போனேன். மலை ஏறத் தொடங்கும் இடத்தில், ஒரு வீட்டு வாசலில் பாய் விரித்துக் கிராம்பு காயப் போட்டிருந்தார்கள். அந்த வாசனை காரமும் இனிப்புமாக மூக்கில் ஏறியதும் என் கால் தானாக மிதிப்பதை நிறுத்திவிட்டது. தரையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உன்னிடம் பேச வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, தலைகூடக் காயாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பாயான் பாருவில் நாம் வேலை பார்த்த தொழிற்சாலையில் உன் மேசையும் என் மேசையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நாள் முழுவதும் மைக்ராஸ்கோப்பில் குனிந்து கணினிச் சில்லுகளில் கீறல் தேடும் வேலை. ஒருநாள் கேன்டீனில் நீ திடீரென்று சொன்னாய், "கலா, எனக்கு தூரமா எதையாச்சும் பாக்கணும் டி. இப்படியே இருந்தா கழுத்து வளஞ்சு போயிரும்." அடுத்த வாரமே பழைய மலைச் சைக்கிள் ஒன்றோடு வந்து நின்றாய். நாற்பதைத் தாண்டிய பெண் காட்டுக்குள் சைக்கிள் ஓட்டுவதா என்று கேன்டீனே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அடுத்த மாதம் எனக்கும் ஒன்று வாங்க வைத்துவிட்டாய்.

ஏற்றத்தில் நான் பரவாயில்லை. மூச்சு வாங்கினாலும் நிற்காமல் ஏறிவிடுவேன். இறக்கம்தான் எனக்கு எமன். தித்தி கெராவாங் மலைச் சாலையின் உச்சியைத் தாண்டி தெலுக் பஹாங் அணைக்கட்டை நோக்கிச் சாலை சரியும்போது, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி உருண்டு வருவேன். நீயோ உச்சியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சிரிப்பாய். அதோடு சரி. அடுத்து உன்னை அணைக்கட்டில்தான் பார்க்க முடியும். அங்கே சுவரில் சாய்ந்துகொண்டு, "என்னா லா, வழியில பசியாறிட்டு வர்றியா?" என்று கேட்பாய்.

காட்டுப் பாதைகளில் நீ இன்னும் மோசம். ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்குப் பின்னால் வேர்களும் கற்களும் நிறைந்த ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டே, அதில் பாடிக்கொண்டே இறங்குவாய். அந்தப் பாதையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ விழுந்தாய். எத்தனையோ முறை தாண்டிய அதே வேர். முழங்காலைத் துடைத்துக்கொண்டே, "வேர் தெரியல டி. அந்த இடமே கறுப்பா இருந்துச்சு," என்றாய். மர நிழலாக இருக்கும் என்று இருவரும் நினைத்தோம். பிறகு மைக்ராஸ்கோப்பிலும் அந்தக் கறுப்பு வந்தது.

உனக்கு இனிப்பு நீர், அந்தச் சர்க்கரை வியாதி, இருந்தது எனக்குத் தெரியும். அது கண்ணுக்குள் போய் இத்தனை கெடுதல் செய்திருக்கும் என்று எனக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் உனக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிஞ்சின. வேலையை விட்டாய். சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டாய். நான் வீட்டுக்கு வந்தால் படுத்திருப்பாய், தூங்குவதுபோல். பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை பார்த்த உன் வீட்டுக்காரர் வாசல்வரை என்னோடு வந்து, "யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறா தங்கச்சி," என்பார்.

அந்தச் சமயத்தில்தான் சூலியா தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் சைக்கிள் கடையில் அதைப் பார்த்தேன். முன்னும் பின்னுமாக இருவர் உட்கார்ந்து மிதிக்கும் நீளச் சைக்கிள். ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தம்பதி விட்டுப் போனது என்றார் சீனக் கடைக்காரர். அதை வாங்கி, வேனில் ஏற்றிக்கொண்டு நேராக உன் வீட்டுக்கு வந்தேன். நீ கையால் தடவிப் பார்த்தாய். முதல் இருக்கை, அடுத்த இருக்கை, நீண்ட சங்கிலி. உன் முகம் சுருங்கியது.

"பின்னால என்னை மூட்டை மாதிரி வச்சிக் கட்டிக்கிட்டுப் போகப் போறியா?"

"மூட்டை மிதிக்காது. நீ மிதிக்கணும். உன் கால் நல்லாத்தானே இருக்கு?"

உன் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "விழுந்தா என்னா ஆவறது? விளையாட்டா இது?" என்றார். நீ சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனாய். போனவள் காலணியை மாட்டிக்கொண்டு வந்து நின்றாய்.

பாலிக் புலாவ் வயல்வெளியில் முதல் நாளே வாய்க்காலில் விழுந்தோம். நான் இடதுபுறம் சாய்ந்தேன், நீ வலதுபுறம் சாய்ந்தாய், சைக்கிள் நடுவில் என்ன செய்யும்? சேற்றில் உட்கார்ந்துகொண்டு நீ சிரித்தாய் பார், நீ சிரித்து எத்தனை மாதம் ஆகியிருந்தது! அன்றிலிருந்து, திரும்புவதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். வலது, இடது, மேடு, மணல், பள்ளம். நான் சொன்னால் நீயும் என்னோடு சாய்வாய். வீட்டில் என்னை ஊமைக்கோட்டான் என்பார்கள். உன்னோடு போன நாள்களில் எனக்கு வாய் வலித்தது. சாலையை மட்டும் சொன்னால் உனக்குப் போதாது. யார் வீட்டில் என்ன துணி காய்கிறது, டுரியான் பழக் கடையில் கூட்டமா, கடல் இன்று என்ன நிறம், எல்லாம் சொல்ல வேண்டும்.

கண் போனவர்களுக்குக் காது கூர்மையாகிவிடும் என்பார்கள். உனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் ஏற்றத்தில், "அருவி வந்திருச்சு, நிறுத்து, முகம் கழுவலாம்," என்று துள்ளினாய். அது டுரியான் கடைக்காரர் தன் லாரியைக் குழாயால் கழுவும் சத்தம். நான் சொன்னதும், "அதனால என்னா, தண்ணிதானே?" என்று இறங்கி அவர் குழாயிலேயே முகம் கழுவினாய். கிராம்பு வாசனையை மட்டும் நீ ஒருநாளும் தவற விட்டதில்லை. அது வந்ததும், "இனிமே ஏத்தம் டி, இறுக்கி மிதி," என்று எனக்கு உத்தரவு போடுவாய்.

முதல்முறையாக உச்சிவரை ஏறிய நாள் நினைவிருக்கிறதா? மேலே மூச்சு வாங்க நின்றோம். உன்னை வைத்துக்கொண்டு இறங்க வேண்டும் என்று நினைத்ததும் இரண்டு பிரேக்கையும் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டேன். விழுந்தால் நான் மட்டும் விழப்போவதில்லை. பிரேக்கை முழுதாகப் பிடித்துக்கொண்டு, நடப்பதுபோல் இறங்கினேன். மூன்று வளைவு போயிருப்போம். பின்னாலிருந்து நீ கேட்டாய், "கலா, நாம இறங்குறமா, நிக்கிறமா?"

"இறங்குறோம்."

"எனக்கு எப்படித் தெரியும்? மரம் ஓடுறது எனக்குத் தெரியாது. காத்து அடிச்சாத்தான் தெரியும். காத்தே வரல டி."

பிரேக்கை விடாமலே அடுத்த வளைவில் திரும்பினேன். நீ என் முதுகில் கை வைத்தாய். "நீ சொல்லு, நான் சாயறேன். விழுந்தா சேந்து விழலாம். விடு லா."

விட்டேன். முதலில் ஒரு விரலை, பிறகு எல்லா விரல்களையும். இரண்டு பேர் கனத்தில் அந்தச் சைக்கிள் பாய்ந்தது. வலது என்று கத்தினேன், சாய்ந்தாய். இடது என்று கத்தினேன், சாய்ந்தாய். மணல் என்றபோது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். காற்று காதை அடைத்தது. பின்னாலிருந்து ஒரு கூச்சல் வந்தது. பயத்தில் கத்துகிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். அணைக்கட்டில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். உன் முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "இன்னொரு தடவ போலாம்," என்றாய். மறுபடியும் மேலே ஏறி அதே இறக்கத்தில் இறங்கினோம்.

அதன்பின் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! சிறுநீரகமும் கெட்டு, ரத்தம் சுத்திகரிக்கக் குத்திக் குத்திக் கையெல்லாம் ஊசிக் காயமான பிறகும் வந்தாய். ஏற்றத்தில் உன் மிதி குறைந்துகொண்டே வந்தது. "நான் மிதிக்கிறேனா?" என்று கேட்பாய். "மிதிக்கிற, மிதிக்கிற," என்பேன். பிறகு அதுவும் முடியாமல் போயிற்று.

கடைசியாக மருத்துவமனையில் உன்னைப் பார்த்தபோது குரல் தேய்ந்திருந்தது. "இறக்கம் சொல்லு," என்றாய். உன் வீட்டுக்காரர் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தார். நான் உச்சியிலிருந்து தொடங்கினேன். வலது. நேர். இடது, பெரிய வளைவு. மணல். சொல்லச் சொல்ல உன் தலை தலையணையில் லேசாக அந்தந்தப் பக்கம் சாய்ந்தது. அழுகையை அடக்க நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய், "பிரேக் புடிக்கிற டி."

உன் காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு உன் வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். "என்னை ஒரு தடவ அந்த ரோட்டுல கூட்டிட்டுப் போறியா தங்கச்சி?" உன் இருக்கையில் அவர் உட்கார்ந்தார். ஏற்றத்தில் பாதி தூரம் தள்ளிக்கொண்டே போனோம். உச்சியில் அவரிடம், பயமாக இருந்தால் சொல்லுங்கள் என்றேன். "அவளை வச்சி எப்படிப் போனியோ, அப்படிப் போ," என்றார். விட்டேன். வலது, இடது என்று கத்தினேன். அவர் சாயத் தெரியாமல் தவித்தார், கடைசி வளைவுகளில்தான் அவருக்கு அது பிடிபட்டது. அணைக்கட்டில் இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"கண்ண மூடிக்கிட்டேன் தங்கச்சி," என்றார். "இதுக்கா அவ ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஓடி வந்தா! நான் வேணாம் வேணாம்னு நின்னேனே." பிறகு மெல்லச் சிரித்தார். உன் சாவுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒரு தடவை போதும் என்று சொல்லிவிட்டார். நான் இப்போது என் சொந்தச் சைக்கிளில் தனியாகத்தான் ஏறுகிறேன், தனியாகத்தான் இறங்குகிறேன். இன்றும் இறங்கினேன். எதிரே ஏறி வந்த ஒரு பெண் என்னைத் தாண்டிப் போனதும் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லாத சாலையில் ஒருத்தி இடது, வலது என்று கத்திக்கொண்டு போனால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? எனக்கு வெட்கமாக இல்லை. வாய்விட்டுச் சொல்லாமல் இப்போது என்னால் ஒரு வளைவில்கூடத் திரும்ப முடிவதில்லை.