பன்னிரண்டு பெட்டிகள்

செவ்வாய்க்கிழமை

அன்பு மகனுக்கு,

அம்மாவின் ஆசிகள். நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை உன் மனைவி போனில் சொன்னாள். உன் கையெழுத்தில் இரண்டு வரி வந்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். அரசாங்கத்துக்கே வர்த்தக ஆலோசனை சொல்கிறவனுக்கு அம்மாவுக்கு ஒரு தபால் அட்டை எழுத நேரமில்லை என்றால் நான் நம்ப மாட்டேன்.

இதை உங்கள் அமைச்சகத் தபால் பையில் அனுப்புகிறேன். வழியில் நாலு பேர் கண்ணில் படலாம். அதனால் எழுதக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

உடம்புக்குக் குறைவில்லை. புதுக் கண்ணாடி வந்துவிட்டது. எழுத்து தெளிவாகத் தெரிகிறது. தரையில் இருக்கும் தூசியும் தெரிகிறது. வேலைக்கு வருகிறவள், "பழைய கண்ணாடியே நல்லா இருந்துச்சும்மா" என்கிறாள்.

செய்தித்தாளில் உன் படம் பார்த்தேன். நீண்ட மேசைக்கு இந்தப் பக்கம் நீங்கள் ஆறு பேர், அந்தப் பக்கம் அண்டை நாட்டுக்காரர்கள் ஆறு பேர். உன் டை கோணலாக இருந்தது. கீழே போட்டிருந்த செய்தியை மூன்று முறை படித்தேன். அங்கிருந்து வரும் டைல்ஸுக்கு நீங்கள் போட்ட கூடுதல் சுங்க வரி ஒன்றாம் தேதி அமலுக்கு வந்தது; அதற்கு முந்தைய ஆறே நாளில் நாற்பத்திரண்டு லாரி டைல்ஸ் எல்லையைத் தாண்டிவிட்டதாம். நம் ஊர் சூளைக்காரர்கள் கொதித்துப் போயிருக்கிறார்களாம். உன் எதிரே உட்கார்ந்திருந்த பெரிய மனிதர், "உங்க ரகசியம் எங்க லாரி டிரைவருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கே" என்று சொல்லிச் சிரித்தாராம். நீ என்ன பதில் சொன்னாய் என்று போடவில்லை.

குடைக்காரியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்களாமே. வெயிலோ மழையோ குடை இல்லாமல் தெருவில் இறங்காத பெண். பதினோரு வருடம் உனக்கு உதவியாளராக இருந்தவள். அவள் அண்ணன் எல்லைச் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தா, அதனால் அவள்தான் சொல்லியிருப்பாள் என்கிறார்களாம். அண்ணன் இருப்பதெல்லாம் ஒரு சாட்சியா? அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருப்பாய் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. என் பள்ளித் தோழி ஒருத்தி சில பெட்டிகளை அனுப்பி வைத்திருக்கிறாள். நடையை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். உன் மனைவி அதைப் பற்றி ஏதாவது சொன்னால் பெரிதுபடுத்த வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. அறையில் குளிர்சாதனத்தைக் குறைத்து வை.

உன் அம்மா

*

சனிக்கிழமை

என் மகனுக்கு,

இதை அமைச்சகப் பையில் போடவில்லை. கூரியர் கடைக்கு நானே நடந்து போய்க் கொடுக்கப் போகிறேன். செவ்வாய்க்கிழமை உன் கையில் சேரும் என்று அந்தக் கடைக்காரர் சொல்கிறார். தனியாக இருக்கும்போது பிரித்துப் படி.

போன கடிதத்தில் நான் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனாலும் அது பொய்க் கடிதம்தான்.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குக் குடைக்காரி வந்தாள். உன் வரைவுகளை உறையில் போட்டு எடுத்து வருவாளே, அதே நேரம். வெளியே நல்ல மழை. சொட்டுகிற குடையை வைக்க இடம் தேடினாள். நடையில் பன்னிரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அண்டை நாட்டு ஆலையின் முத்திரை, அதற்குக் கீழே எல்லையைத் தாண்டிய தேதி. அவள் சுங்கக் காகிதங்களோடு காலம் தள்ளியவள். படிக்கத் தெரியாதவள் இல்லை. ஒரு நிமிடம் நின்றாள். பிறகு பெட்டிகளின் மேல் தண்ணீர் படாதபடி குடையை எதிர் மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். விசாரணை அதிகாரிக்கு அவள் எழுதிய விளக்கக் கடிதம். "நாளைக்குக் கொடுக்கணும்மா. நீங்க ஒரு தடவை பாத்துட்டா எனக்கு நிம்மதி. அதுல தப்பு வேற இருந்தா அதுக்கும் சேத்துச் சிரிப்பாங்க" என்றாள்.

நான் சிவப்புப் பென்சிலை எடுத்தேன். வேறு எதைச் செய்ய எனக்குத் தெரியும்?

இருபத்திரண்டு வருடமாக உன் வரைவுகள் என்னிடம் வந்தன. நீ சின்ன அதிகாரியாக இருந்தபோது தயங்கித் தயங்கி ஒரு பக்கத்தை நீட்டினாய். நான் பதினேழு இடத்தில் கோடு போட்டேன். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. உன் அப்பா போன பிறகு அந்த உறைகள்தான் எனக்கு அலுவலகம். உறை வரும் நாளில் நல்ல புடவை உடுத்திக்கொள்வேன். இது உனக்குத் தெரியாது.

அவள் கடிதம் மூன்று பக்கம். சுத்தமான எழுத்து. இரண்டாம் பக்கத்தில், "சுங்க வரி வரைவுக் குறிப்பு என் மேசையையும் ஆலோசகர் மேசையையும் தவிர வேறு எங்கும் போகவில்லை" என்று இருந்தது. அங்கே என் பென்சில் நின்றுவிட்டது. போன மாதம் பதினாறாம் தேதி அந்தக் குறிப்பை என் கையில் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். நான் திருத்தி முடிக்கும்வரை ஒரு மணி நேரம் அதே நாற்காலியில் தேநீர் குடித்துக்கொண்டு இருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த வரி சரியா இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"மொழியில தப்பில்ல" என்றேன்.

"அப்போ அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

மகனே, நான் எழுபத்தாறு வருடத்தில் சொன்ன வார்த்தைகளில் இதைவிடக் கேவலமானது இல்லை. இரண்டு இடத்தில் காற்புள்ளி வைத்துக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் நன்றி சொன்னாள். வாசலில் குடையை விரித்தபடி, "எனக்கு வேற எங்கேயாவது ஒரு வேலை கிடைச்சிடும்மா. சாருக்குத்தான் கிடைக்காது" என்றாள். தெருமுனை வரை அந்தக் குடை போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பதினாறாம் தேதிக்கு இரண்டு நாள் கழித்து எங்கள் கான்வென்ட்டில் பழைய மாணவிகள் கூடினோம். வாத்து வந்திருந்தாள். அவள் நடக்கிற விதத்தைப் பார்த்து நாங்கள் எட்டாம் வகுப்பில் வைத்த பெயர். நடை இன்னும் மாறவில்லை. குளியலறைக்கு டைல்ஸ் மாற்றப் போவதையும், தன் மாப்பிள்ளை கட்டுமானச் சாமான் வியாபாரத்தில் எவ்வளவு பெரிய ஆள் என்பதையும் ஒரு மணி நேரம் சொன்னாள். நான் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். உடனே, "உன் பையனா? பைல் தூக்குறவன்தானே? என் மாப்பிள்ளை போனா மந்திரியே எழுந்து நிப்பாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை நான் தாங்கியிருக்க வேண்டும். தாங்கவில்லை. "டைல்ஸ் வாங்கறதா இருந்தா மாசக் கடைசிக்குள்ள வாங்கிடு. ஏன்னு கேக்காதே" என்றேன். "அடேயப்பா, இப்ப டைல்ஸ் ஜோசியமும் பாக்குறியா!" என்றாள். மறுபடியும் சிரிப்பு. "ஒண்ணாம் தேதி வரட்டும், அப்புறம் சிரி" என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் முதல் தடவையாக மரியாதையைப் பார்த்தேன். வீடு வந்து சேரும்வரை அந்த முகத்தை நினைத்து நினைத்து மகிழ்ந்தேன். யாருக்கும் லாபம் பார்த்துக் கொடுக்க நான் நினைக்கவில்லை. என் மகன் பைல் தூக்குகிறவன் இல்லை என்று காட்ட நினைத்தேன். அவ்வளவுதான்; அதுதான் இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

பெட்டிகள் இந்த மாதம் ஐந்தாம் தேதி வந்தன. "உன் குளியலறைக்கும் கொஞ்சம்" என்று ஒரு சீட்டு வைத்திருந்தாள். போன் செய்து எடுத்துப் போகச் சொன்னேன். "அட, வெச்சுக்கோ, நமக்குள்ள என்ன" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இனி அவளே எடுக்க வந்தாலும் கொடுக்க மாட்டேன். விசாரணை அதிகாரி வந்து எண்ணிப் பார்க்கட்டும்.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் வந்தாய். நீ வரும் நேரத்துக்கு மட்டும் பெட்டிகளைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். நீ உட்காரவில்லை. "அம்மா, நீங்க யார்கிட்டயாவது, தெரியாம ஏதாவது..." என்று ஆரம்பித்தாய். முடிக்கக்கூட விடாமல், "உன் அம்மாவை என்னன்னு நினைச்சே?" என்று கத்தினேன். நீ அந்தத் துணியைப் பார்த்தாய். "சரிம்மா" என்றாய். கத்தியவள் நான்; நீயே என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாய்.

வரைவு அலுவலகத்தை விட்டு வெளியே போகவில்லை என்று நீயும் எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்பதை உன் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. நீ என்னை மறைத்தாய், அவள் உன்னை மறைத்தாள், நான் இருவருக்கும் பின்னால் ஒளிந்துகொண்டு காற்புள்ளி வைத்தேன்.

விசாரணை அதிகாரிக்கு ஒரு பக்கத்தில் எழுதி வைத்துவிட்டேன். பதினாறாம் தேதி, உறை, கான்வென்ட், பெட்டிகள், எல்லாம் இருக்கிறது. திருத்தவில்லை. அவர் அலுவலகத்துக்குப் போன் செய்து நேரம் கேட்டேன்; வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் அறைக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். உன் அனுமதியைக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்தாக வேண்டும், அல்லது மறுத்தாக வேண்டும். இரண்டையும் உன் தலையில் வைக்க நான் விரும்பவில்லை. உன் பதவி போகலாம். அதை என் கையாலேயே செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்கிறேன்.

ஆனால் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில் நாள் இருக்கிறது. நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவர் மேசைக்கு உன் கடிதம் போய்விட்டால், உண்மையை முதலில் சொன்னவன் நீ என்று ஆகும். அந்தப் பெண்ணுக்கும் ஒரு வார்த்தை எழுது. அவள் வீட்டுக்கு நான் நாளை போகிறேன். என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

உனக்கு ஒன்பது வயதில் பக்கத்துத் தெரு வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டு வேறொரு பையன் மேல் பழி போட்டாயே, நினைவிருக்கிறதா? அந்த வீட்டு வாசல் வரை உன்னை இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே நீ தனியாகத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே நின்றேன். வாசல்படியிலிருந்து கதவு வரை ஏழெட்டு அடிதான். அதற்குள் நாலு முறை என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் நிற்கிறேனா என்று பார்த்தாய்.

வெள்ளிக்கிழமை நீ வர வேண்டும் என்று கேட்க மாட்டேன். அங்கே உனக்கு வேலை இருக்கும். அந்தக் கட்டிடத்தில் வாசலிலிருந்து அதிகாரியின் அறை வரை நீண்ட நடைபாதை என்று சொல்கிறார்கள். நான் நிமிர்ந்துதான் நடப்பேன், கவலைப்படாதே. திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்திருக்கிறேன்.

பார்த்துவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது.

நீ நன்றாக இரு, கண்ணா.

அம்மா