பதினேழால் வகுபடும்

பிப்ரவரி 9
பேராசிரியர் ஒருவர் எழுதிய கணக்குப் புத்தகத்தின் புரூஃப், பிழை திருத்த என் மேஜைக்கு வந்தது. எழுத்துக் கோப்பவர் முணுமுணுத்தார்: பெட்டியில் இருந்த 3 அச்செழுத்தெல்லாம் ஒரே பக்கத்தில் தீர்ந்துவிட்டதாம். 31, 331, 3331 என்று முன்னால் ஒவ்வொரு 3 ஆகச் சேர்த்துக்கொண்டே போய், எட்டாவதாக 333333331. எட்டுமே பகா எண்கள், ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாதவை என்று பேராசிரியர் எழுதியிருக்கிறார். அழகுதான். விரல் வைத்து எண்ணினேன், 3-கள் சரியாக இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் கை சும்மா இருக்காமல் எட்டாவதை வகுத்தேன். 7-ஆல் மீதி 2. 11-ஆல் 1. 13-ஆல் 6. 17-ஆல் — மீதியே இல்லை.

பிப்ரவரி 10
நான்கு முறை வகுத்தாயிற்று. 17 × 19607843. தப்பே இல்லை.

பிப்ரவரி 12
நான் வகுத்துக் காட்டிய தாளை மேலாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கால்புள்ளி பார்த்தால் போதுமாம், எண்ணைப் பார்க்கப் பேராசிரியர் இருக்கிறாராம். திங்கட்கிழமை அச்சு ஏற வேண்டும், கடைசிப் பக்கத்தில் ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்.
போடவில்லை. போட மாட்டேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்தான். அதுக்காக நான் வகுத்தா மட்டும் விடை மாறிடுமா?

பிப்ரவரி 13
வீட்டுக்காரர் கேட்டார்: “அது பதினேழால வகுபட்டா உனக்கு என்ன போச்சு? வேலை போயிடும்.”
“போனா போகட்டும். கையெழுத்து என்னோடது.”
வாய் சொல்லிவிட்டது. ராத்திரி விளக்கைப் போட்டு ஐந்தாம் முறை வகுத்துப் பார்த்தேன்.

பிப்ரவரி 16
என்னை நாட்காட்டி வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கணக்குப் புரூஃபைப் பக்கத்து மேஜைக்காரரிடம் தள்ளினார் மேலாளர். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிற மனிதர். இன்று பென்சிலை எடுத்தார். வகுத்தார். பேனாவை மூடி வைத்துவிட்டார். மூன்று மணிக்குள் எழுத்துக் கோப்பவர், பைண்டர், டீக்கடைக்காரர் வரை ஆளுக்கொரு துண்டுத்தாளில் வகுத்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் கத்தினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிப்ரவரி 17
அச்சு ஏறவில்லை. பேராசிரியருக்கு ஃபோன் போயிருக்கிறது. வரட்டும்.

பிப்ரவரி 19
வந்தார். “யாரும்மா அது, என் கணக்கைத் திருத்துறது?”
பென்சிலை நீட்டினேன். நின்றபடியே வகுக்க ஆரம்பித்தவர் பாதியில் என் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மீதி இல்லை என்றானதும் முதலிலிருந்து இன்னொரு முறை வகுத்தார். ஆறாவது எண் வரை தானே வகுத்துப் பார்த்ததாகவும், மற்ற இரண்டும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். பிறகு மெதுவாக, “முப்பது வருஷமா வகுப்புல இதைத்தான் சொல்லிட்டு வர்றேன்” என்றார். எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை.
எட்டாவதை அவரே அடித்து நீக்கினார். மேலாளர் பேனாவை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அப்படியானால் ஏழாவதையும் யாரும் வகுத்துப் பார்க்கவில்லையே என்றேன். மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். பேராசிரியர் அப்போதுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அதற்கு அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 5773 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுக்க வேண்டுமாம். எழுநூற்றுச் சொச்சம்.
மூவாயிரம் வரை அவர். அதற்கு மேல் நான்.