பூட்டிய வீட்டில் டீ

சத்வா, துபாய்
ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள அஸ்மத்துக்கு,

பாரதி எழுதுகிறேன். நானும் இவரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டிய இடம் இது. கேட்கப் போவதில்லை. போனில் எப்போது கேட்டாலும் உன் மருமகள் இஃப்பத்தான் "மாமி தூங்குறாங்க ஆன்ட்டி" என்கிறாள். பட்டப்பகலில் தூங்குகிற ஆளா நீ? அதனால்தான் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பேனா எடுத்தேன். கீழே தையல் கடை வைத்திருக்கிற சாதிக் பாட்ஷா, தம்பியைப் பார்க்க மஸ்கட் பஸ் ஏறுகிறார். ரூவிக்கு வந்து உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

சித்தீக் பாய் போன செய்தி வந்ததும் நாங்கள் இருவரும் ஓடி வந்தோம். அந்தக் கூட்டத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே தவிர, ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நீதான் என்னைப் பார்த்து "சாப்பிட்டியா பாரதி" என்று கேட்டாய். அதற்கப்புறம் உன் குரலே கேட்கவில்லை. இத்தா இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாளும் முடிந்து வெளியே வரலாம் என்று ஆன பிறகும் நீ வாசல் தாண்டவில்லையாம். உன் பிள்ளை ஈசா உன்னைக் கீழக்கரைக்கு அனுப்ப டிக்கெட் பார்க்கிறானாம். இதெல்லாம் இஃப்பத் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இங்கேயும் ஒரு சேதி. இவருக்கு ரிட்டயர்மென்ட் வந்துவிட்டது. வெயில் குறைந்ததும் விசாவை கேன்சல் செய்துவிட்டு மதுரைக்குக் கிளம்புகிறோம். ஆகவே இது எனக்குத் துபாயில் கடைசிக் கோடை. ஊருக்குப் போகிறோம் என்றால் எல்லாரும் சந்தோஷமாகக் கைகுலுக்குகிறார்கள். எனக்கு அழுகை வருகிறது, யாரிடம் சொல்ல?

நம் மாடியில் ஹர்ஷினி என்று ஒரு பெண் இருக்கிறாள். புருஷன் விஷாலுக்குக் கம்ப்யூட்டர் வேலை. லீவுக்குப் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால், பிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இந்தக் கோடையில் செய்து பார்க்க வேண்டியவை என்று தலைப்பு போட்டு, அருவிக் குளியல், மாடித் தூக்கம், சைக்கிள், அம்மாவுடன் ஒரு மேட்னி ஷோ என்று எழுதியிருக்கிறாள். எல்லாம் கைக்கு எட்டுகிற ஆசை. நாமும் ஒன்று எழுதினால் என்ன என்று வந்து உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால், தனியாகச் செய்யக் கூடியதாக ஒன்றுகூட வரவில்லை. எல்லாவற்றிலும் நீ வந்து நிற்கிறாய்.

முதலில் கூழ் வடகம். இந்த வெயிலுக்குக் காலையில் பிழிந்தால் சாயங்காலம் டப்பாவில் போடலாம். ஒரு வருஷம் மணல் காற்று அடித்து மொட்டை மாடியில் இருந்த அத்தனை வடகத்திலும் மண் ஏறியது நினைவிருக்கிறதா? இவர் ஒரு வாய் கடித்துவிட்டு எழுந்துவிட்டார். பாய் மட்டும் நறநறவென்று முழுசும் தின்றுவிட்டு உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொன்னார். அப்புறம், பொழுது சாய்ந்ததும் ஜுமைரா கடற்கரைக்கு ஒரு நடை. கதவைத் திறந்து தெருவில் இறங்கியதும் என் மூக்குக் கண்ணாடி ஆவி பிடித்துக்கொள்ளும், நீ என் கையைப் பிடித்துக் கூட்டிப் போவாய். சாலையோரப் பேரீச்சை மரங்களில் வலை கட்டியாகிவிட்டது. காய் மஞ்சளாகி வருகிறது. அதையும் போய்ப் பார்க்க வேண்டும். குளியல் சமாச்சாரத்தைப் பட்டியலில் சேர்ப்பதா என்று யோசித்தேன். மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறதென்று ஹீட்டரை அணைத்துவிட்டு, ஹீட்டருக்குள் ஆறிக் கிடக்கிற தண்ணீரில் குளிப்போமே, அதை மதுரையில் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பார்கள்.

கடைசியாகத்தான் எழுதினேன், ஆனால் முதல் இடம் அதற்குத்தான். டீ.

பள்ளிக்கூடம் பூட்டினால் இந்தக் கட்டடமே ஊருக்குப் போய்விடும். அந்த மாதத்து டிக்கெட் விலையைக் கேட்டால் பாய் காதைப் பொத்திக்கொள்வார். எங்களுக்குப் பள்ளிக்கூட லீவு என்று ஒன்று வாய்க்கவே இல்லை, அதனால் எந்த மாதம் போனாலும் ஒன்றுதான். மிச்சம் இருந்தது நீயும் நானும். எல்லார் வீட்டுச் சாவியும் நம்மிடம். செடிக்குத் தண்ணீர் ஊற்றி, குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டு, உடனே பூட்டிக்கொண்டு வந்திருந்தால் நாம் நல்லவர்கள். தினம் ஒரு வீட்டில் உட்கார்ந்து டீ போட்டுக் குடித்தோம். டாக்டர் வீட்டு சோபாவில் நீ காலை மடக்கி உட்கார்ந்து எனக்கு மருந்து எழுதிக் கொடுப்பாய். டீச்சர் வீட்டு ஊஞ்சலில் ஆடிக்கொண்டே நான் உன் எழுத்துக்கு மார்க் போடுவேன். இதைப் பாய் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நான் நடுங்கிக்கொண்டு நின்றேன். "அடுத்தவங்க நம்பிக் கொடுத்த அமானிதம்மா அது. அவங்க கோப்பையத் தொடாதீங்க, நம்ம கோப்பையக் கொண்டு போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அந்த மனுஷரை நினைக்காத நாள் இல்லை அஸ்மத்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஹர்ஷினி இருப்பது எந்த வீடு என்று நான் இன்னும் சொல்லவில்லை. என் எதிர் வீடு. உன் வீடு. நீயும் பாயும் ரூவிக்குப் போன பிறகு யார் யாரோ வந்து போனார்கள், எவரும் சாவி கொடுக்கவில்லை. இந்தக் கோடையில்தான் அது என் கைக்கு வந்திருக்கிறது. சுவருக்கு வேறு வண்ணம் அடித்திருக்கிறார்கள். சமையலறை ஜன்னல் இன்னும் முழுசாக மூடுவதில்லை. நீ வந்தால் அங்கே உட்கார்ந்து ஒரு டீ குடித்துக்கொள்ளலாமா என்று ஹர்ஷினியிடம் போனில் கேட்டேன். "இதெல்லாம் கேட்கணுமா ஆன்ட்டி, அவங்க அங்கேயே தங்கட்டும்" என்றாள்.

ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வாய். கீழக்கரைக்கும் மதுரைக்கும் என்ன தூரம் என்பாய். ஈசா கல்யாணத்துக்கு உன் ஊருக்கு வந்தேனே, என்ன நடந்தது? என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்து உபசாரம் செய்தார்கள். நீ பட்டுச் சேலையில் அங்கும் இங்கும் ஓடினாய். நாம் தனியாக ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே நான் விருந்தாளி, இங்கேதான் உனக்கு பாரதி. உன் ஓமான் விசா இருக்கும்வரைதான் இந்தப் பக்கம் வருவது சுலபம். அதை கேன்சல் செய்துவிட்டு நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போய்விட்டால் இந்த மாடிப்படியை நாம் சேர்ந்து ஏறுவது இனி ஏது?

வடகம், கடற்கரை எதுவும் வேண்டாம் என்றால் அடித்துவிடு. நீ வந்தால் போதும். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

உன்
ஜெயபாரதி


ரூவி, மஸ்கட்
செவ்வாய்க்கிழமை

பாரதிக்கு,

உனக்கும் முத்துராமன் அண்ணனுக்கும் அல்லாஹ் குறையாத சுகத்தைத் தரட்டும்.

கடிதம் என் கையில்தான் கிடைத்தது. இஃப்பத் கை நீட்டியும் கொடுக்காமல், "மாமியத்தான் பாக்கணும்" என்று சாதிக் பாட்ஷா வாசலிலேயே நின்றாராம். அந்தப் பிள்ளை மனசு என்ன பாடுபட்டிருக்கும்? அவள் பொய் சொல்லவில்லை. தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னது நான்தான்.

உன் பட்டியலில் பாதி எனக்கு ஆகாதது. அந்தப் புழுக்கத்தில் கடற்கரைக்கு நடக்க எனக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை. நீ கண் தெரியாமல் போய் வண்டியில் மோதிவிடுவாய் என்றுதான் கூட வந்தேன். வடகமும் நீ பிழிந்தால் தடியாக வரும், நான்தான் பிழிய வேண்டும். இன்னொன்று. டீ விஷயத்தை ஈசா வாப்பா கண்டுபிடிக்கவில்லை. முதல் நாள் டீ குடித்துவிட்டு வந்ததுமே நான் சொல்லிவிட்டேன். நாமே நிறுத்துகிறோமா என்று பார்த்தார். நிறுத்தவில்லை என்றதும் கோப்பையைப் பற்றிச் சொன்னார். இத்தனை வருஷமாக அது ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தாயா?

நான் போன் எடுக்காததற்குக் காரணம் உன் மேல் கோபம் இல்லை. நீ பேசினால் அவர் பேச்சு வரும். இங்கே அவர் பேச்சையே யாரும் எடுப்பதில்லை, நான் உடைந்துவிடுவேன் என்று பயப்படுகிறார்கள். உன்னிடம் பேசினால் அழுகை வரும். போனில் அழுவதில் என்ன ஆறுதல் இருக்கிறது? அவர் மண்ணோடு தின்ற வடகத்தைப் பற்றி நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். சத்தம் கேட்டு இஃப்பத் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். நான் சிரித்ததைப் பார்த்து அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

நல்ல பிள்ளை. என்னை ஒரு வேலை செய்ய விடுவதில்லை. அடுப்படிக்குப் போனால் "நீங்க உட்காருங்க மாமி" என்கிறாள். பெல் அடித்தால் அவள்தான் போகிறாள். வருகிறவர்கள் என்னைப் பார்த்து ஸலாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு உட்காருகிறார்கள். இது ஈசா வீடு, நல்ல வீடு, ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்காரி என்று எனக்கு ஒரு வேலையும் இல்லை பாரதி.

வருகிறேன். "உம்மா, இந்த வெயில்லயா" என்று ஈசா கேட்டான். இந்த வெயிலுக்குத்தான் போகிறேன் என்றேன். அடுத்த வியாழக்கிழமை அவனே பஸ்ஸில் கூட்டி வந்து விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போகிறானாம். கீழக்கரை டிக்கெட்டை அதற்குப் பிறகு போடச் சொல்லிவிட்டேன். உன் வீட்டில்தான் படுப்பேன், அந்தப் பெண்ணின் கட்டிலில் படுக்க எனக்கு மனசு வராது. டீ மட்டும் அங்கே குடிக்கலாம்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், தட்டாதே. அந்த வீட்டைத் திறந்து என்னை உள்ளே விட்டுவிட்டு, நீ உன் வீட்டுக்குப் போய்விடு. நான் முகம் கழுவிக்கொள்கிறேன், அடுப்பில் தண்ணீர் வைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து பெல் அடி. நான் வந்து திறப்பேன். அந்தக் காலத்தில் நீ எப்போது வந்தாலும் வெளியிலேயே நின்றுகொண்டு, பாய் இருக்காரா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பாய். அன்றைக்கும் கேள். என் மனசு புண்படும் என்று கேட்காமல் இருந்துவிடாதே. கடைக்குப் போயிருக்கிறார், நீ உள்ளே வா என்று நான் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன்.

துஆவுடன்,
அஸ்மத்