பேர்க்லியோட் ஜன்னலில் இரண்டு விளக்கு

நவம்பர் 24

கேமரா பேட்டரி செத்துவிட்டது. கம்பளிச் சட்டைக்குள், கக்கத்தில் வைத்துச் சூடாகக் கொண்டுபோன இரண்டாவதும் செத்தது. வானமோ மத்தியானம் மூன்று மணிக்கே துருவ ஒளியில் பச்சை பச்சையாக ஆடிக்கொண்டிருந்தது. சூரியன் போய் இரண்டு நாள். இனி ஜனவரி வரைக்கும் மத்தியானமும் ராத்திரிதான். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. என் குறையெல்லாம் வானத்துக்குக் கீழே இருக்கிறது.

சாவதற்கு முன் எடுத்த படங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கண்றாவி. இடது பக்க மூலையில் பழுத்த கொப்புளம் மாதிரி இரண்டு மஞ்சள் பொட்டு. பக்கத்து வீட்டு பேர்க்லியோட்டின் ஜன்னல். அவள் மகன் ட்ரீக்வே படகில் போகிறான், அதற்கு ஒரு விளக்கு, சரி. கடலில் ஆள் இருக்கும் வீடு கடல் பக்க ஜன்னலில் விளக்கு வைப்பது எங்கள் லொம்விக்கா ஊர் வழக்கம். ஆனால் மகன் ஒருத்தன், விளக்கு எதற்கு இரண்டு? பூனையும் மீன் பிடிக்கப் போகிறதா?

எனக்கு ஒரே ஒரு படம் வேண்டும். விளக்கே இல்லாத ஊர், மேலே துருவ ஒளி. புது ஊர் மண்டபத்தின் பெரிய சுவர் அதற்காகக் காலியாக இருக்கிறது. சூரியன் திரும்பும் நாளுக்குள் நான் கொடுக்காவிட்டால், போன வருஷம் நான்கு நாள் வந்து தங்கிப் போனானே அந்தத் தெற்கத்திப் போட்டோக்காரன், அவனிடம் வாங்குவார்களாம். நான்கு நாள்! நான் இங்கே வாழ வந்து இருபத்திரண்டு வருஷம். கடையில் என் பெயர் இன்னும் ‘உள்நாட்டுக்காரி’தான், கடல் இல்லாத பக்கத்திலிருந்து வந்தவளாம். அந்தச் சுவரில் என் படம்தான் தொங்க வேண்டும்.

நவம்பர் 27

பனி. மூன்றாவது நாளாகப் பனி. போய்த் தொலையட்டும்.

டிசம்பர் 1

கடைக்குப் போய் ஹால்டிஸிடம் பேசினேன். கடையும் அவளுடையது, மண்டபக் குழுவும் அவள் கையில். பத்து நிமிஷம் ஊர் முழுக்க விளக்கை அணைத்தால் போதும் என்றேன். கேரட் நிறுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அணைக்கலாமே. படகெல்லாம் உள்ள இருக்கற நாளாப் பாத்துச் சொல்லு.”

“படகு உள்ள இருக்கறது புயல் நாள்ல, ஹால்டிஸ். புயல் நாள்ல வானம் எங்கடி தெரியும்? வானம் தெளிஞ்சா அத்தனை பேரும் கடலுக்குப் போயிடறாங்க.”

“அதான் சொல்றேன். ஒரு படகு வெளிய இருந்தாலும் ஒரு ஜன்னலும் அணையாது. உங்க ஊர்ல கலைமானுக்குக் கண்ணு நல்லாத் தெரியும், விளக்கு வேண்டாம். எங்க ஆளுங்க மனுஷங்க.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கலைமான்! நான் பிறந்த ஊரை எடுத்தால் இவர்களுக்கு வேறு பேச்சே கிடையாது.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். வானம் திறந்தால் ஊர் மூடாது, ஊர் மூடினால் வானம் திறக்காது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். இங்கே பூசாரிகள் முப்பது வீடு.

எய்லிஃபிடம் புலம்பினேன். மீன் குழம்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே “ம்” என்றான். கல்யாணமான நாளிலிருந்து அந்த ‘ம்’தான்.

டிசம்பர் 5

போதாக்குறைக்கு, கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்குகள். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒன்று. அடுப்படி ஜன்னலில் கூட! கோழிக் கூண்டில் ஒருத்தன் மாட்டியிருக்கிறான். வெள்ளை, சிவப்பு, ஒரு வீட்டில் கண் சிமிட்டும் நீலம். நீலம்!

ஊரிலேயே உருப்படியான வீடு என் வீடு ஒன்றுதான். நான் முற்றத்தில் டிரைபாட் வைக்கிற நாளில் ஒரு பொட்டு வெளிச்சம் இருக்காது. எய்லிஃப் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டான், தன் படகில் மேப் திரை இருக்கிறது, பாறையும் கரையும் அதிலேயே தெரிகிறது என்று. அறிவுள்ள மனுஷன். மற்றவர்கள் படகிலும் அதே திரைதானே இருக்கிறது? கேட்டால் முறைக்கிறார்கள்.

டிசம்பர் 9

தெளிந்த வானம். எய்லிஃப் கடலில். பொறுக்க முடியாமல் பேர்க்லியோட் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“ஒரே ஒரு விளக்கை அணைச்சா போதும். அரை மணி நேரம்தான் கேக்கறேன்.”

“எதை அணைக்க? இது ட்ரீக்வேக்கு.”

“சரி, அது?”

அவள் இரண்டாவது விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். சின்னது, பச்சைக் கண்ணாடி மூடி போட்டது. “அது இருக்கட்டும். உள்ள வா பொண்ணே, மூக்கு சிவந்து கெடக்கு. வாஃபிள் சூடா இருக்கு.”

“வாஃபிள் வேண்டாம், பேர்க்லியோட். எனக்கு இருட்டு வேணும்.”

“இருட்டு எங்க ஓடிடப் போவுது? ஜனவரி வரைக்கும் இங்கதான் கெடக்கும். ஜாம் போடட்டா, பாலாடைக்கட்டி வைக்கட்டா?”

ரெண்டும் வைத்தாள். ரெண்டையும் தின்றேன். நான் வெளியே வந்தபோது துருவ ஒளி முடிந்துவிட்டது. கோபத்தில் கேமராவைப் பையில் கட்டாமல் அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். குளிரிலிருந்து சூட்டுக்கு வந்ததில் லென்ஸ் கண்ணாடி முழுக்க வேர்த்துக் கொட்டி, இப்போது அடுப்புப் பக்கமும் வைக்க முடியாமல் வெளியிலும் வைக்க முடியாமல் வாசல் நடையில் கிடக்கிறது. கத்துக்குட்டி செய்கிற தப்பு. இதற்கும் அந்த இரண்டாவது விளக்குதான் காரணம் என்று எழுதி வைக்கிறேன், நியாயம் இல்லை என்று தெரிந்தே.

டிசம்பர் 16

புயல். கூரை பிய்ந்துபோகும் போலிருக்கிறது. படகெல்லாம் உள்ளே. ஹால்டிஸ் போன் செய்தாள்: “என்னடி, இன்னிக்கு அணைச்சிடட்டுமா?” பின்னால் இரண்டு பேர் சிரிக்கும் சத்தம். வைத்துவிட்டேன்.

டிசம்பர் 26

ஐயோ.

கிறிஸ்துமஸ் விடுமுறை என்பதால் ஒரு படகும் போகவில்லை. காலையில் பார்த்தால் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது! இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி வாய்த்ததில்லை. ஓடிப்போய் ஹால்டிஸை எழுப்பினேன். அவளும் வீடு வீடாகச் சொன்னாள். ஊர்ப் பொதுவேலை என்று சொல்லிவிட்டால் இங்கே யாரும் மறுக்க மாட்டார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். சாயங்காலம் நான்கு மணி என்று பேச்சு.

மேட்டின் மேல் டிரைபாட் வைத்துக் காத்திருந்தேன். நான்கு மணிக்கு ஒவ்வொரு ஜன்னலாக அணைந்தது. நீலம் கூட. பேர்க்லியோட்டின் இரண்டும் அணைந்தன. என் வாழ்நாளில் முதல் தடவையாக லொம்விக்கா காணாமல் போனது. அதற்கென்றே காத்திருந்ததுபோல் மேலே ஒளி பொங்கி வந்தது. பச்சை, ஓரத்தில் ரோஸ். ஷட்டரை அழுத்தினேன்.

ஷட்டர் மூடுவதற்குள் கதவுகள் திறந்தன. எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள்! பொதுவேலை என்றால் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லையாம். தலை விளக்கு மாட்டிக்கொண்டு வந்தார்கள். டார்ச்சோடு வந்தார்கள். எனக்குக் குளிருமே என்று பீப்பாயில் நெருப்புப் போட்டார்கள், ஆள் உயரத்துக்கு! சாஸேஜ் சுட்டார்கள். ஒருத்தன் பனி ஸ்கூட்டரில் எனக்குக் காப்பி எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தான், முன் விளக்கை நேரே என் லென்ஸில் அடித்தபடி. ஹால்டிஸ் கீழேயிருந்து டார்ச்சை ஆட்டிக் கத்தினாள்: “எப்படி வருது? நல்லா இருட்டா இருக்கா?”

“அணைங்க! எல்லாத்தையும் அணைங்க!” தொண்டை கிழியக் கத்தினேன். அவர்களும் கையாட்டினார்கள், சந்தோஷமாக.

எய்லிஃப் நெருப்புப் பக்கத்தில் நின்று சாஸேஜ் தின்றுகொண்டிருந்தான். என் புருஷன்!

அழுதேன். குளிர் நாட்டில் அழுவதற்கும் வழியில்லை, கண்ணீர் உறைந்து இமை ஒட்டிக்கொள்கிறது.

ஜனவரி 3

“படகுல வா” என்றான் எய்லிஃப். “கடல்லேர்ந்து எடு.”

“படகு ஆடும். ஷட்டர் பத்து விநாடி தொறந்திருக்கணும். ஒரு விநாடியாவது உன் படகு சும்மா நிக்குமா?”

“நிக்காது.”

“அப்புறம்?”

“ம்.”

ஜனவரி 8

போனேன். வேறு வழியில்லை, சூரியன் வர இன்னும் சில நாள்தான்.

வாந்தி எடுத்தேன், காட் மீன்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் எடுத்தேன். திரும்பி வரும்போது மூன்று மணி இருக்கும், கரிய இருட்டு. எய்லிஃப் இஞ்சினை மட்டுப்படுத்தினான். நான் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மனதுக்குள் எல்லாரையும் திட்டிக்கொண்டு எடுத்தேன். படகு ஆடிக்கொண்டேயிருந்தது. ஊர் தூரத்தில் வரிசையாக மின்னியது. இந்தப் பக்கத்திலிருந்து, இருட்டில், நான் அதைப் பார்த்ததே இல்லை.

“நம்ம வீடு எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

அவன் திரையைப் பார்க்கவில்லை. கையை நீட்டினான். “அந்த ரெண்டு விளக்கு தெரியுதா? அதுக்கு இடது பக்கம் இருட்டா இருக்கே, அது.”

“பேர்க்லியோட்டோட விளக்கா?”

“ஆமா. வலது பக்கத்தது ட்ரீக்வேக்கு. சின்னது எனக்கு.”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. “உனக்குன்னா?”

“எனக்கு வைக்கறா. ரொம்ப வருஷமா.”

“நீதானே சொன்னே... மேப் இருக்கு, விளக்கு வேண்டாம்னு?”

“நீ படம் எடுக்கணும்னே. மேப் இருக்குன்னு சொன்னேன்.” சுக்கானைக் கொஞ்சம் திருப்பினான். “மேப்புல கரைதான் தெரியும், சோல்ரூன். வீட்ல ஆள் இருக்கறது தெரியாது.”

இத்தனை வருஷத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. அதை வாந்தி வாளியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதா பேச வேண்டும்?

ஜனவரி 9

தூங்கவில்லை. யார் மேல் கோபம் என்றே தெரியாத கோபம். ஊருக்கெல்லாம் தெரியுமா? தெரியும். தெரிந்துதான் அத்தனை பேரும் முறைத்திருக்கிறார்கள். ஒருத்தருக்குக் கூடவா வாய் இல்லை?

காலையில் நேரே பேர்க்லியோட் வீட்டுக்குப் போனேன். பூட்ஸைக் கூடக் கழற்றவில்லை.

“ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா நீ விளக்கு வச்சிருப்பே.”

“வச்சுத்தான் இருப்பேன்!”

“அப்புறம் முத்தத்துல எப்படி படம் எடுப்பே? உனக்கு இருட்டு வேணும், அவனுக்கு விளக்கு வேணும்.” துடைத்துக்கொண்டிருந்த கோப்பையை வைத்தாள். “எனக்கு ஜன்னல் அகலம்.”

அந்த விளக்கை நான் என்னென்ன பேசினேன். பூனை, கொப்புளம்... இதே நோட்டில் இருக்கிறது, முந்தைய பக்கங்களில். கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

அவளிடம் நன்றி கூடச் சொல்லவில்லை. வாஃபிள் தின்றுவிட்டு வந்தேன்.

ஜனவரி 15

படங்களைக் கடைக்கு எடுத்துப் போனேன். முப்பது நல்ல படம், மூலையில் விளக்குப் பொட்டு இருந்தாலும். முற்றத்திலிருந்து, மேட்டிலிருந்து, ஊசி முனை மாதிரி நட்சத்திரங்கள். படகில் எடுத்ததும் ஒன்று தவறுதலாக அதில் கலந்துவிட்டது. படகு ஆடிய ஆட்டத்தில் ஒவ்வொரு ஜன்னலும் ஒரு கிறுக்கல். மேலே நட்சத்திரங்களும் அதே கிறுக்கல். துருவ ஒளி வெறும் பச்சைக் கறை. கத்துக்குட்டி கூட வெளியே காட்ட மாட்டான்.

ஹால்டிஸ் முப்பதையும் சீட்டுக்கட்டு மாதிரி தள்ளிவிட்டு அதில் நின்றுவிட்டாள். “இது யார் எடுத்தா?”

“நான்தான். அது தப்பு. அதைக் கொடு.”

“ஏய், இங்க வாங்க!”

வந்துவிட்டார்கள். ரொட்டி வாங்க வந்தவர்கள், படகுக்காரர்கள், எல்லாரும். வீடு திரும்பும்போது ஊர் இப்படித்தான் ஆடும் என்றான் ஒருத்தன். கிறுக்கலை வைத்தே ஜன்னலை அடையாளம் சொன்னார்கள். “இது எங்க அடுப்படி.” “இது கோழிக் கூண்டு!” நீலத்தைப் பார்த்து நீல வீட்டுக்காரன் பெருமையாகச் சிரித்தான். முப்பது கூர்மையான படங்கள் ரொட்டிக்குப் பக்கத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன.

“இதைத்தான் மாட்டறோம்” என்றாள் ஹால்டிஸ்.

“வேண்டாம். இதுல பாரு...” விரல் வைத்துக் காட்டினேன். வரிசையில் ஒரு இடம் மட்டும் கறுப்பாக, பல் விழுந்த மாதிரி. “இது என் வீடு.”

ஹால்டிஸ் அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் விரல் வைத்தாள். அவள் குரலில் கேலி இல்லை, அதுதான் இன்னும் சங்கடம்.

“தெரியும்டி. எல்லாருக்கும் தெரியும். பக்கத்துல ரெண்டு இருக்கு பாரு.”

ஜனவரி 20

சூரியன் திரும்பும் நாள். மேகத்துக்குப் பின்னால் திரும்பியதாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள், எல்லாரும் இந்த நாளுக்கென்றே சுடும் சூரிய ரொட்டி தின்றோம். படம் சுவரில் தொங்குகிறது. கோணலாக மாட்டியிருக்கிறார்கள். கடலே கோணல்தானே என்கிறார்கள். கீழே என் பெயர் போட்டு ‘லொம்விக்கா’ என்று எழுதியிருக்கிறது. உள்நாட்டுக்காரி என்று எழுதவில்லை. அந்தச் சுவருக்குத்தானே இவ்வளவு பாடு. அதில் என் வீடுதான் ஓட்டை.

ஜனவரி 23

வானம் தெளிவு. நிலா இல்லை. காற்று இல்லை. இந்தக் குளிர்காலத்திலேயே நல்ல நாள் இதுதான், சந்தேகமே இல்லை. எய்லிஃப் விடிகாலையிலேயே கடலுக்குப் போய்விட்டான்.

பேட்டரி இரண்டும் சூடாக இருந்தன. இருட்டியதும் டிரைபாட்டைக் கதவுவரை கொண்டுபோனேன். திரும்ப வந்து சாப்பாட்டு மேஜை விளக்கைத் தூக்கிக் கடல் பக்க ஜன்னலில் வைத்தேன். ஒயர் எட்டவில்லை. எரிச்சலோடு மேஜையை ஜன்னலோரம் இழுத்து விளக்கை அதன் மேலேயே வைத்தேன். ஏற்றினேன். முற்றம் முழுக்க மஞ்சள் கொட்டியது. இனி இங்கிருந்து படம் எடுத்த மாதிரிதான்.

அடுப்படிக்குப் போய் உருளைக்கிழங்கு வேகவைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது பேர்க்லியோட்டின் ஜன்னலில் சின்ன விளக்கு அணைந்திருந்தது.