பாலத்தை அழிக்கவில்லை

செவ்வாய், இரவு.

உயிரியல் வகுப்பில் இன்று பாடத்திட்டத்தில் இல்லாததைப் படிப்பித்துவிட்டேன். கருவின் மூளையில் வளரும் நரம்பு நார்களைச் சில இரசாயனங்கள் நடுக்கோட்டுக்கு இழுக்கும். கடந்ததும் வேறு சில, திரும்பவிடாமல் அப்பால் தள்ளும். அப்படித்தான் மூளையின் இரு பாதிகளுக்கும் பாலம் அமைகிறது என்று வரைந்து காட்டினேன்.

கடலோர ஊரான சல்லியிலிருந்து வரும் மாணவி கேட்டாள்: "வெளிச்சவீட்டு வெளிச்சத்தைப் பாத்து வந்து, பாறைக்கு விலத்திற வள்ளம் மாதிரியோ ரீச்சர்?"

"ஓம், கிட்டத்தட்ட."

"அப்ப, நார் கடக்காமல் விட்டா?"

என் கை வயிற்றுக்குப் போனது. முந்தாநாள் ஸ்கேனில் பிள்ளைக்கு அந்தப் பாலம் தெளிவாகத் தெரியவில்லை. இரண்டு கிழமையில் திரும்பப் பார்ப்போம் என்றார் டொக்டர்.

"அது சோதினைக்கு வராது" என்று சொல்லிக் கரும்பலகையை அழித்தேன். பாலத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

பள்ளி விட்டதும் அந்த வகுப்பறையை எட்டிப் பார்த்தேன். அடுத்த பாடத்துக்கு வந்த பிசிக்ஸ் சேர் அதைத் தொடாமல், சுற்றிவர எழுதியிருந்தார்.