நீ அனுப்பிய திராட்சரசம்

திருவனந்தபுரம்
20.10.2003

கர்த்தருக்குள் பிரியமான மகன் ரதீஷுக்கு அம்மா எழுதுவது. உனக்குச் சமாதானம் உண்டாவதாக. அப்பாவைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை மற்றதையெல்லாம் முதலில் எழுதப் பார்க்கிறது.

இங்கே துலா மாச மழை பிடித்துக்கொண்டது. அடுக்களை ஓடு ஒழுகுகிறது. உன் தங்கச்சி சுஜாவுக்குக் கழக்கூட்டம் கம்பெனியில் வேலை நிலைத்துவிட்டது. ஆபீஸ் விட்டு வந்து அப்பாவைத் திருப்பிப் படுக்கவைப்பது அவள்தான். இனி வீட்டில் வைத்துப் பார்த்தால் போதும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வலது பக்கம் அசைவே இல்லை. ஸ்பூனில் விட்டால் கொஞ்சம் இறங்கும். காதருகில் கத்தினால்தான் கேட்கும். நீ போனில் பேசிப் பிரயோஜனமில்லை.

இத்தாலியிலிருந்து லீவுக்கு வந்த நர்ஸ் அஸ்வதி நீ கொடுத்த குப்பியும் போட்டோவும் தந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். போட்டோவில் நீ நிற்கும் அந்த வால்டோபியாதெனே குன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மிஷின் ஏறாத சரிவு, ஆள்தான் நின்று பறிக்கணும் என்றாள். எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்? குப்பியில் இருப்பது போன வருஷம் நீ பறித்த பச்சைத் திராட்சையின் ரசமாம், திறந்தால் நுரைக்குமாம்.

சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு அப்பா எத்தனை காலம் செயலாளர். நீ ஒயின் தோட்டத்துக்குப் போனதிலிருந்து உன் பெயரை ஜெபத்தில்கூடச் சொல்லாதவர். அந்த மனுஷன் போட்டோவை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "எடியே, மோன் பறிச்சதில ஒரு ஸ்பூன் தா" என்று கேட்டார்.

சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. பிறகு பயம் வந்தது. ஆயுசு முழுக்கத் தொடாததைக் கடைசியில் என் கையாலா கொடுப்பது? சபையில் திருவிருந்துக்கு உலர்ந்த திராட்சையைக் காய்ச்சிக் கொடுப்பது நான்தானே. இதையும் காய்ச்சினால் போதை போய்விடும் என்று நினைத்தேன். குப்பி வாயில் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்ததும் தக்கை தெறித்து, பாதி நுரையாகத் தரையில் போனது. மீதியை அடுப்பில் வைத்தேன். புளித்தது, சீனி போட்டேன். கைப்பழக்கத்தில் கிராம்பும் போட்டுவிட்டேன்.

நாக்கில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "இது நீ சர்ச்சுக்குக் காய்ச்சுததல்லே? என்னை ஏமாத்தாதே. மோன் தந்தது எங்கே?" என்றார்.

காலிக் குப்பியைக் காட்டினேன். சத்தியம் பண்ணினேன். சுஜா காதில் கத்திப் பார்த்தாள். நீ அனுப்பியதை நான் ஒளித்துவைத்திருக்கிறேன் என்றே நினைக்கிறார். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பியவர் அதன்பிறகு கஞ்சித் தண்ணீருக்கும் வாய் திறக்கவில்லை. நானே கெடுத்துவிட்டேன் மகனே.

இன்னொரு குப்பி அனுப்பாதே. அங்கே தங்குவதற்கு உன் காகிதம் இன்னும் சரியாகவில்லை, இங்கே வந்தால் திரும்ப அங்கே விடமாட்டார்கள் என்று அஸ்வதி சொன்னாள். தெரிந்தேதான் கேட்கிறேன், வா. குடித்தது நீ பறித்ததுதான் என்று நீ வந்து சொன்னால் நம்புவார்.

மிச்சம் கால் கிளாஸ் மூடிவைத்திருக்கிறேன். காய்ச்சினது ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது, இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன்னே கெட்டுவிடும். இருந்தாலும் வைத்திருக்கிறேன்.

அந்தச் சரிவில் உன் கால் வழுக்காமல் கர்த்தர் பிடித்துக்கொள்வாராக.

உன் அம்மா
தாசம்மாள்