கதவைச் சாத்திய பதம்

சென்னையிலேயே இருந்துவிட்ட என் கணவருக்கு,

"மலையில் யாருக்கு முத்திரை புரியப்போகிறது?" என்று எழுதியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த மலையூர்களில் ஒன்றான வாழவந்தி நாட்டுப் பள்ளிக்கூட மைதானத்தில் ஆடினேன். என்னிடம் நடனம் படிக்கும் பதினாறு பிள்ளைகளின் வீட்டாரும் மிளகு பறித்த கையோடு வந்திருந்தார்கள். கடைசியாக, நாயகனுக்காகக் காத்திருக்கும் பதம். நீங்கள் தாளம் போட, நான் இருபது வருடம் ஆடியதுதான். முத்திரையிலேயே கதவைத் திறந்து வைத்தேன். சமைத்ததை மூடி வைத்தேன். வழி பார்த்தேன்.

மூன்றாம் முறை நான் வாசலுக்குப் போனபோது, ஒரு மாணவியின் அம்மா அம்சவேணி எழுந்தேவிட்டார்.

"அவன் வரமாட்டான் கண்ணு! கதவச் சாத்திப்போட்டு நீ சோத்தத் தின்னு!"

"ஆமாங்க!" என்றது கூட்டம்.

சென்னையில் கைதட்டினார்கள். ஒருவர்கூடப் பதில் சொன்னதில்லை.

அபிநயம் மறந்து செய்தேன் என்று நினைக்காதீர்கள், தெரிந்தேதான் செய்தேன். பாட்டு இன்னும் அவனைக் கெஞ்சிக்கொண்டிருக்க, நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கவளம் கவளமாகச் சாப்பிட்டேன். விசில் பறந்தது.

சம்பிரதாயத்தைக் கெடுத்துவிட்டேன் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் இதே மலையில் குண்டூர் நாட்டில் ஆடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கேயும் சாத்தத்தான் போகிறேன்.

"தீபாவளிக்கு வந்தாலும் வருவேன்" என்று முடித்திருக்கிறீர்கள். போன இரண்டு தீபாவளிக்கும் இதே வரிதான். அந்த நாட்களில் சோறு ஆறியதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

இந்த முறை வந்தால், கதவைத் தட்டிவிட்டு நில்லுங்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து திறக்கிறேன்.

இப்படிக்கு,
பசியாறியவள்